சிப் இயந்திரங்களுக்கான வால்வும் ஓட்டக் கட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்குள் வாயுவையும் திரவத்தையும் அளந்து, திறந்து, மூடி அனுப்பும் கருவிகளை வடிவமைப்பது என் வேலை. மாணவர்கள், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள், பம்பு-வால்வு தொழிலில் இருக்கும் நண்பர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வால்வு என்றால் என்ன, அழுத்தம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும், மீதியைப் படித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளலாம்.

சாதாரணத் தொழிற்சாலை வால்வை இங்கே போட்டால் என்ன?

முதலில் வாயு போகும் பாதையைப் பார்ப்போம். சிலிண்டரிலிருந்து கிளம்பி, ரெகுலேட்டரில் அழுத்தம் குறைந்து, இயந்திரத்தின் கேஸ் பாக்ஸுக்குள் வருகிறது. அங்கே ஃபில்டர், வால்வு, ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் வரிசையாக இருக்கும். அப்புறம் வேஃபர் (சிப்புகள் உருவாகும் வட்டமான சிலிக்கான் தகடு) இருக்கும் வெற்றிட சேம்பர். அதைத் தாண்டினால் சேம்பரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு த்ராட்டில் வால்வு, பம்பு.

இந்தப் பாதையில் போகும் அளவுகள் மிகச் சிறியவை. நிமிடத்துக்கு ஒரு கன சென்டிமீட்டர் கூட ஒரு செய்முறையில் முக்கியமான அளவாக இருக்கும். சாதாரண வால்வில் தண்டைச் சுற்றி பேக்கிங் இருக்கும், கிரீஸ் இருக்கும், மரை இருக்கும், உடலுக்குள் மூலை முடுக்கு இருக்கும். தண்ணீருக்கோ நீராவிக்கோ அதனால் கெடுதல் இல்லை. இங்கே அந்த மூலையில் தங்கும் ஈரம், காற்று, முந்தைய வாயு எல்லாம் அடுத்த வேஃபரில் போய்ச் சேரும்.

இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு நான் கற்ற பெரிய பாடம் இதுதான்: வால்வு வழியாக ஓடுவதைக் கணக்குப் போடுவது எளிது. மூடிய பிறகு உள்ளே தங்குவதைக் கணக்குப் போடுவதில்தான் வடிவமைப்பாளரின் பாதி உழைப்பு போகிறது. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதே விஷயம் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

எஸ்சிசிஎம் என்ற அளவை எப்படிப் புரிந்துகொள்வது?

ஸ்டாண்டர்ட் கியூபிக் சென்டிமீட்டர் பெர் மினிட் என்பதன் சுருக்கம் இது: நிமிடத்துக்கு இத்தனை கன சென்டிமீட்டர் என்ற அளவு. ஆனால் அந்தக் கன சென்டிமீட்டரை 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்ற நிலையில் கணக்கிட வேண்டும். அதனால் பெயரில் கன அளவு இருந்தாலும் உண்மையில் அது மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான். 1 எஸ்சிசிஎம் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.7 × 10¹⁹ மூலக்கூறுகள். வேஃபரின் மேல் நடப்பது வேதிவினை, வேதிவினைக்கு எண்ணிக்கைதான் கணக்கு. வேறு துறைகளில் 20 டிகிரியையோ 25 டிகிரியையோ அடிப்படையாக எடுப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட விவரத்தாளைப் படித்துவிட்டு 7 சதவீதம், 9 சதவீதம் பிழையோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வெப்பநிலை என்று முதலில் கேளுங்கள்.

எம்எஃப்சி உள்ளே என்ன நடக்கிறது?

மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் என்பதைத்தான் எல்லோரும் எம்எஃப்சி என்கிறோம். வெப்ப வகையை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் வாயுவில் ஒரு சிறு பங்கு மட்டும் மயிர்போல் மெல்லிய குழாய் வழியாகப் போகும். மீதி பைபாஸ் வழியாகப் போகும். இரண்டிலும் ஓட்டம் சுழலாமல் அடுக்கடுக்காகப் போகும்படி செய்தால், இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாமல் நிற்கும். சிறு பங்கை அளந்தால் மொத்தமும் தெரிந்துவிடும்.

அந்தக் குழாயின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றியிருக்கும், இரண்டும் சூடாக இருக்கும். வாயு ஓடாதபோது இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும். ஓடத் தொடங்கியதும் முதல் சுருளின் சூட்டை வாயு எடுத்துக்கொண்டு இரண்டாவது சுருளுக்குக் கொண்டுபோகும். இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் ஓட்டத்தின் அளவு. கேட்ட அளவோடு அதை ஒப்பிட்டு, கட்டுப்பாட்டுச் சுற்று வால்வைக் கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும். அந்த வால்வை அசைப்பது சோலினாய்டாகவோ (மின்காந்தச் சுருள்) பீசோவாகவோ (மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே நீளும் பொருள்) இருக்கும். சோலினாய்டு சுருள் சூடாகும், பக்கத்திலேயே வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதனால் எனக்குப் பீசோவின் மேல்தான் சாய்வு. அசைவு தூரம் மிகக் குறைவு என்பது அதன் குறை. சீட்டையும் (வாயு வழியைச் சுற்றியுள்ள இருக்கை) டயாஃப்ரத்தையும் (அதன் மேல் உட்கார்ந்து மூடும் மெல்லிய தகடு) மிக நுணுக்கமாகச் செய்தால்தான் அந்தச் சிறு அசைவு போதுமானதாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். இடம் போதவில்லை என்று ஒரு வெப்ப எம்எஃப்சியைச் செங்குத்தாக நிற்கும்படி அமைத்தேன். நைட்ரஜனில் பூஜ்யம் சரியாக நின்றது. சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு விட்டதும், வால்வு மூடியிருக்கும்போதே ஓட்டம் இருப்பதாகக் காட்டியது. கசிவு என்று நினைத்து இரண்டு நாள் தேடினோம். கசிவே இல்லை. சென்சார் குழாயில் சூடான வாயு மேலே எழும்ப, பைபாஸ் வழியாகக் குளிர்ந்த வாயு கீழே இறங்க, கருவிக்குள்ளேயே ஒரு சிறு சுற்றோட்டம் உருவாகியிருந்தது. வாயு எவ்வளவு கனமோ, அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு இது கூடும். வெளியே ஒரு மூலக்கூறு கூடப் போகவில்லை, ஆனாலும் அளவு காட்டியது. அன்றிலிருந்து எந்தத் திசையில் பொருத்துகிறோம் என்பதை வரைபடத்திலேயே எழுதுகிறேன்.

நைட்ரஜனுக்கு அளவு சரிபார்த்த எம்எஃப்சியில் வேறு வாயு விடலாமா?

விடலாம், ஆனால் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒவ்வொரு வாயுவும் சூட்டைச் சுமக்கும் திறன் வேறு. நைட்ரஜனை 1 என்று வைத்தால் ஆர்கானின் மாற்றுக் காரணி சுமார் 1.4, சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடுக்குச் சுமார் 0.26. அதாவது, கருவி 100 என்று காட்டும்போது ஆர்கான் 140 அளவுக்குப் போய்க்கொண்டிருக்கும், மற்றது 26 தான் போகும். தோராயமாகப் பார்க்க இது போதும். நல்ல துல்லியம் வேண்டுமென்றால் அந்தந்த வாயுவிலேயே அளந்து எடுத்த வளைவைக் கருவியின் நினைவகத்தில் ஏற்ற வேண்டும்.

அழுத்தத்தை வைத்து அளக்கும் வகை மேலானதா?

ஒரு நுண்துளை வழியாக வாயு போகிறது. துளைக்குப் பின்னால் இருக்கும் அழுத்தம், முன்னால் இருப்பதில் ஏறத்தாழ பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் (நைட்ரஜனுக்கு 0.528 பங்கு), துளையில் வாயு ஒலியின் வேகத்தை எட்டிவிடும். பின்பக்கம் நடக்கும் மாற்றத்தின் சேதி ஒலியின் வேகத்தில்தான் முன்னேறி வர முடியும். எதிரே வாயுவே அந்த வேகத்தில் வருவதால் சேதி ஏறுவதில்லை. அப்போது ஓட்டம் முன்பக்க அழுத்தத்தையும் வெப்பத்தையும் மட்டுமே பொறுத்தது. அழுத்தத்தை அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். வெப்பச் சுருள் சூடாகிக் குளிரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் வேகம் அதிகம்.

ஒசாகாவின் புஜிகின் இந்த வகையைப் பரவலாக்கிய நிறுவனங்களில் ஒன்று. கியோட்டோவின் ஹொரிபா எஸ்டெக், அமெரிக்காவின் எம்கேஎஸ், புரூக்ஸ் ஆகியவை எம்எஃப்சி உலகின் மற்றப் பெரிய பெயர்கள்.

குறையும் உண்டு. துளையில் படிவு சேர்ந்தால் அளவே மாறிவிடும். இன்னொன்று, வால்வை மூடிய பிறகு வால்வுக்கும் துளைக்கும் நடுவே அடைபட்ட வாயு மெல்ல மெல்ல வடிந்துகொண்டிருக்கும். ஓட்டம் வெட்டியதுபோல் நிற்காமல் வால்போல் நீளும். அந்த இடைவெளியின் கொள்ளளவைக் குறைக்க ஒரு கன மில்லிமீட்டருக்குக் கூடச் சண்டை போடுவோம்.

பக்கத்து வால்வு திறந்தால் என் ஓட்டம் ஏன் ஆடுகிறது?

ஒரே குழாயிலிருந்து பல எம்எஃப்சிகள் வாயு எடுத்தால், ஒன்று திறக்கும்போது மற்றவற்றின் நுழைவு அழுத்தம் குலுங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்சாருக்கும் வால்வுக்கும் நடுவே 1 கன சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 0.1 வளிமண்டலம் ஏறினால், அந்த இடத்தை நிரப்ப 0.1 கன சென்டிமீட்டர் வாயு கூடுதலாக உள்ளே வரும். 5 எஸ்சிசிஎம் கருவிக்கு இது 1.2 வினாடி ஓட்டத்துக்குச் சமம். சேம்பருக்குப் போகாத வாயுவைச் சென்சார் 'போனது' என்று எண்ணி வால்வை மூடத் தொடங்கும். உண்மையான ஓட்டம் குறைந்துவிடும். இதனால்தான் இப்போது எம்எஃப்சிக்குள்ளேயே அழுத்தச் சென்சார் வைத்து, இந்த நிரப்பு வாயுவைக் கழித்துக் கணக்கிடுகிறோம். கழிப்பதைவிட அந்த இடத்தையே சுருக்குவது நல்லது.

திறந்து மூடும் டயாஃப்ரம் வால்வை எப்படி வடிவமைக்கிறீர்கள்?

கவிழ்த்த கிண்ணம்போல் லேசாகக் குவிந்த மெல்லிய உலோகத் தகடு, அதுதான் டயாஃப்ரம். மேலிருந்து தண்டு அழுத்தினால் வளைந்து சீட்டின் மேல் உட்காரும். விட்டால் தானே எழும்பும். வாயு படும் பக்கத்தில் ஸ்பிரிங் இல்லை, மரை இல்லை, உராயும் தண்டு இல்லை. இவ்வளவுதான் அதன் அழகு.

தகட்டுக்குக் கோபால்ட்-நிக்கல் கலவை நல்ல தேர்வு. பல ஆயிரம் முறை வளைந்தாலும் நிமிரும், அரிப்பையும் தாங்கும். தடிமனான ஒரு தகட்டுக்குப் பதில் மெல்லிய தகடுகளை அடுக்கினால் வளையும்போது ஒவ்வொன்றின் உள்ளேயும் எழும் தகைவு குறையும், ஆயுள் கூடும். தகடு எழும்பும் தூரத்தைக் கூட்டினால் நிறைய வாயு போகும், ஆனால் உலோகம் சீக்கிரம் களைத்து விரிசல் விடும். ஓட்டமும் ஆயுளும் இப்படி எதிரெதிராக இழுக்கும்.

சீட் பெரும்பாலும் பிளாஸ்டிக். பிசிடிஎஃப்இ, பிஎஃப்ஏ, பாலிஇமைடு என்று வாயுவையும் வெப்பத்தையும் பார்த்துத் தேர்வு செய்வோம். பிளாஸ்டிக் சும்மா இருக்காது. வாயுவை உறிஞ்சும், கொஞ்சம் ஊதும், சூட்டில் விரியும், அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கும். அறை வெப்பத்தில் அளந்த ஓட்டம் 150 டிகிரியில் அப்படியே இருக்காது, ஏனென்றால் சீட் விரிந்து இடைவெளி குறைந்திருக்கும். புதிதாக வருபவர்கள் வரைபடத்தில் அளவைப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். சீட்டைச் சூடாக்கி, ஆயிரம் முறை மூடித் திறந்து, அதற்குப் பிறகு அளந்து பாருங்கள். அந்த எண்தான் உண்மையானது.

உள்பக்கத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவது எதற்கு?

சொரசொரப்பான பரப்பில் ஈரமும் துகளும் தங்கும், அதற்காகத்தான். பொதுவாக 316 எல் துருப்பிடிக்காத எஃகு. அதையும் வெற்றிடத்தில் உருக்கி, பிறகு வெற்றிடத்தில் மின்வில்லால் மறுபடி உருக்கிச் சுத்தம் செய்த ரகம். உள்பரப்பை மின்வேதி முறையில் மெருகேற்றினால் சராசரி சொரசொரப்பு 0.13 மைக்ரோமீட்டர் அளவுக்கு இறங்கும், பரப்பில் குரோமியமும் செறிவாகும்.

கந்தகம் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எஃகில் கந்தகம் இருந்தால் மாங்கனீஸ் சல்ஃபைடு துணுக்குகள் உருவாகும், அரிப்பு அங்கேதான் தொடங்கும். சரி, முழுவதும் எடுத்துவிடலாம் என்றால், வெல்டிங்கில் உருகிய உலோகம் ஓடும் விதமே மாறி, பற்று ஆழமாக இறங்காது. இரண்டு குழாய்களில் கந்தக அளவு வேறுவேறாக இருந்தால் வெல்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எஃகு வாங்கும்போதே சான்றிதழில் அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த அளவுக்குச் சுத்தம் தேவை என்று தொழிலையே நம்பவைத்ததில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ததாஹிரோ ஓமிக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களில் அவர் வற்புறுத்திய மிகைத்தூய்மைக் கோட்பாடுகள் இன்றைய கேஸ் பாக்ஸ்களில் அப்படியே தெரிகின்றன.

ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் புரோமைடு போன்ற வாயுக்கள் உலர்ந்திருந்தால் எஃகை அவ்வளவாகத் தொடாது. ஈரம் சேர்ந்த நொடியிலிருந்து அமிலம்தான். பராமரிப்புக்காகக் குழாயைத் திறந்து, சரியாக நைட்ரஜன் பர்ஜ் செய்யாமல் (நைட்ரஜனை ஓடவிட்டு உள்ளே தங்கியதை வெளியேற்றாமல்) மூடினால், சில வாரம் கழித்துத் துகளாகவும் அளவுப் பிழையாகவும் அது திரும்ப வரும். இடம் பார்த்து நிக்கல் கலவைக்குப் போகிறோம், விலை கூடினாலும்.

எவ்வளவு கசிவு அனுமதி?

வெளிக்கசிவுக்கு வழக்கமான வரம்பு, ஹீலியத்தில் வினாடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு கன சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் கசிய 31 ஆண்டுக்கு மேல் ஆகும். இணைப்புகளில் ரப்பர் வளையம் கிடையாது, இரண்டு உலோக விளிம்புகளுக்கு நடுவே ஒரு உலோக கேஸ்கெட் நசுங்கி அடைக்கும். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டு இரவு முழுக்கக் கசிவு தேடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

ஏஎல்டி வால்வுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

ஏஎல்டி எனப்படும், வேஃபரில் படலத்தை அடுக்கடுக்காக வளர்க்கும் அணு அடுக்குப் படிவு முறையில் ஒரு வாயு, பர்ஜ், இன்னொரு வாயு, பர்ஜ் என்று சுற்று ஓடும். அலுமினியம் ஆக்சைடு என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர்தான் வளரும். 10 நானோமீட்டருக்கு 100 சுற்று. 3 நிமிடத்துக்கு ஒரு வேஃபர் என்றால் ஒரு நாளைக்கு 480 வேஃபர், 48,000 முறை திறந்து மூட வேண்டும். இரண்டரைக் கோடி முறை தாங்கும் வால்வுகூட ஒன்றரை ஆண்டுக்குள் ஆயுளை முடித்துவிடும்.

அதுவும் பத்து இருபது மில்லிவினாடிக்குள் திறந்து மூட வேண்டும், 200 டிகிரி சூட்டில் வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வாயு போக வேண்டும். முதல் முறையும் இரண்டு கோடியாவது முறையும் வித்தியாசப்படக் கூடாது. ஒவ்வொரு அடியிலும் சீட் கொஞ்சம் தேய்கிறது, அந்தத் தேய்மானம் துகளாக எங்கோ போகிறது. மூடும் வேகத்தைக் கடைசி நொடியில் தணிப்பதற்காகவே காற்றழுத்த இயக்கியைப் பலமுறை மாற்றி வரைந்திருக்கிறேன்.

குழாய்க்குள் வாயு திரவமாகிவிடாதா?

ஆகும். டங்ஸ்டன் ஹெக்சாஃப்ளோரைடு சுமார் 17 டிகிரியில் கொதிக்கும் பொருள். குளிரூட்டிய அறையில் ஒரு குழாய் வளைவு கொஞ்சம் குளிர்ந்தால் போதும், அங்கே சொட்டாகிவிடும். சிலிக்கான் ஆக்சைடு படியவைக்கப் பயன்படும் டிஇஓஎஸ் அறை வெப்பத்தில் திரவமே. அதனால் குழாய், வால்வு, எம்எஃப்சி எல்லாவற்றையும் சூடாக்கி, வழி நெடுக வெப்பம் சேம்பரை நோக்கிக் கூடிக்கொண்டே போகும்படி வைப்போம். எங்கேயாவது ஒரு இடம் குளிர்ந்தால், வாயு அங்கே போய்த் தங்கும். வால்வின் மேல்பக்க இயக்கிதான் பெரும்பாலும் அந்தக் குளிர்ந்த இடம், ஏனென்றால் ஹீட்டரை எல்லோரும் கீழ்ப்பக்கம்தான் பொருத்துகிறார்கள்.

இந்த வாயுக்கள் ஆபத்தானவை இல்லையா?

மிகவும். சிலேன் காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும். ஆர்சைன், பாஸ்ஃபைன் கொடிய நஞ்சு. அதனால் வால்வுகள் இயல்பில் மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். காற்றழுத்தம் வந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் போனாலும் மூடியே நிற்கும். சிலேன் சிலிண்டரின் வாயிலேயே பொதுவாக 0.25 மில்லிமீட்டர் துளை வைத்திருப்பார்கள், குழாய் உடைந்தாலும் வெள்ளமாக வெளியேறாது. சேர்ந்தால் வெடிக்கும் வாயுக்கள் ஒரே நேரத்தில் திறக்காதபடி இன்டர்லாக் இருக்கும். அதை மென்பொருளிடம் மட்டும் விடக் கூடாது, மின்கம்பி இணைப்பிலேயே இருக்க வேண்டும். செலவைக் காரணம் காட்டி இதில் யாராவது பேரம் பேசினால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

திரவப் பக்கத்தில் என்ன வேறுபாடு?

உலோகத்துக்கு அங்கே வேலையில்லை. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் மின்தடை கொண்ட மிகைத்தூய நீரும் உலோக அயனிகளை எடுத்துக்கொள்ளும். அதனால் பிளாஸ்டிக்தான்: பிஎஃப்ஏ உடல், பிடிஎஃப்இ டயாஃப்ரம். மிகைத்தூய நீர் ஓடாமல் நின்றால் அதில் கிருமி வளரும். முட்டுச்சந்துபோல் முடியும் குழாய்க் கிளை ஒன்றுகூட இருக்கக் கூடாது, மூடிய வால்விலும் கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி வழி வைப்போம்.

பலரும் எதிர்பார்க்காதது நிலைமின்சாரம். மின்கடத்தாத பிஎஃப்ஏ குழாயில் மின்கடத்தாத திரவம் வேகமாக ஓடினால் மின்னூட்டம் சேரும். சேர்ந்து சேர்ந்து குழாய்ச் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியேறும். எரியும் கரைப்பான் ஓடும் குழாயில் இது நடந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபோட்டோரெசிஸ்ட் (வேஃபரில் பூசும் ஒளியுணர் திரவம்) ஊற்றும் முனையில் சக்-பேக் வால்வு இருக்கும். ஊற்றி முடித்ததும் திரவத்தை முனைக்குள் ஒரு சில மில்லிமீட்டர் பின்னால் இழுத்துக்கொள்ளும், கடைசிச் சொட்டு வேஃபரில் விழாது. வேகமாக இழுத்தால் காற்றுக்குமிழ் புகும், மெதுவாக இழுத்தால் சொட்டு விழுந்துவிடும்.

அளவு சரியா என்று இயந்திரத்திலேயே எப்படிப் பார்ப்பது?

பம்புப் பக்கத்தை மூடிவிட்டு, கொள்ளளவு தெரிந்த சேம்பரில் வாயு விட்டு, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 10 லிட்டர் சேம்பர், 10 எஸ்சிசிஎம் என்றால் 25 டிகிரியில் நிமிடத்துக்குச் சுமார் 0.83 டோர் (வெற்றிட வேலையில் அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏற வேண்டும். வாயு எது என்பது இந்தக் கணக்கில் வராது, அதனால் எம்எஃப்சியின் மாற்றுக் காரணியைச் சோதிக்கவும் இதுவே நல்ல வழி. சேம்பர் சுவரின் வெப்பத்தைச் சரியாக எடுக்காவிட்டால் விடை தப்பும்.

மெக்கானிக்கல் படித்தவர் இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக. இங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் மெக்கானிக்கல்தான். பாய்ம இயக்கவியலில் குறைந்த அழுத்த ஓட்டம், வெப்பக் கடத்தல், உலோகக் களைப்பு, கட்டுப்பாட்டுக் கோட்பாடு, இந்த நான்கையும் ஆழமாகப் படியுங்கள். வெற்றிட வால்வுகளுக்குப் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் விஏடி நிறுவனத்துக்குப் பினாங்கில் தொழிற்சாலை இருக்கிறது. குஜராத்தின் தோலேராவில் டாடா எலக்ட்ரானிக்ஸின் ஃபேபுக்கு (சிப் தயாரிப்பு ஆலை) 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள்.

நேர்காணலில் நான் வழக்கமாக ஒரு வால்வின் குறுக்குவெட்டுப் படத்தைக் கொடுத்து, வாயு எங்கே ஓடுகிறது என்று பென்சிலால் வரையச் சொல்வேன். எல்லோரும் வரைந்துவிடுவார்கள். அடுத்து, வால்வை மூடிய பிறகு வாயு எங்கெல்லாம் மிச்சமிருக்கும் என்று வேறு நிறத்தில் தீட்டச் சொல்வேன். சீட்டின் அடியில், டயாஃப்ரத்தின் விளிம்பில், கேஸ்கெட்டின் உள்வளையத்தில் நிறம் தீட்டுபவரிடம் அடுத்த ஒரு மணிநேரம் பேசுவேன்.